மாசத்துக்கு முக்கால் லிட்டர்

எங்கள் வேனின் கியர்பாக்ஸிலிருந்து என் சகலை மாதம் விட்டு மாதம் ஆயில் திருடுகிறார் என்று ஏழு மாதம் நம்பினேன். சும்மா நம்பவில்லை. தேதி குறித்து, போனில் படம் எடுத்து, அடையாளம் வைத்து நம்பினேன். டீசல் திருடுவார்கள், பேட்டரி திருடுவார்கள், ஸ்டெப்னி திருடுவார்கள். வெல்லப்பாகு மாதிரி வழிகிற, அழுகிய முட்டை நாற்றமடிக்கிற கியர் ஆயிலை ஒருவர் எதற்காகத் திருட வேண்டும் என்ற கேள்வி ஒரு நாளும் என் மண்டைக்குள் வரவில்லை. வந்திருந்தாலும் உட்கார இடம் இருந்திருக்காது. உள்ளே பொறாமை காலை நீட்டிப் படுத்திருந்தது.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் ஃபிட்டர், அங்கேயே குவார்ட்டர்ஸ் வாசம். நான் திருமுல்லைவாயிலில் ஃப்ளாட்டில் இருந்துகொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் ஆபீசில் மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளுகிறவன். மாமியார் வீட்டில் மிக்ஸி நின்றால் சின்ன மாப்பிள்ளையைக் கூப்பிடுவார்கள். கதவு தரையில் உரசினால் சின்ன மாப்பிள்ளை. மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லையா, சின்ன மாப்பிள்ளை. டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல மட்டும் பெரிய மாப்பிள்ளை. அதையும் போன வருஷம் மருந்துக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

வேன் யோசனை என்னுடையது. இதை இங்கே அழுத்திப் பதிவு செய்ய விரும்புகிறேன். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனுக்குள்ளேயே சமைத்து வேனுக்குள்ளேயே தூங்கி ஊர் சுற்றும் வீடியோக்களை இரண்டு மாதம் பார்த்துவிட்டு, நாமும் ஒன்று வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். காட்டுப்பாக்கத்தில் ஒருவர் டிபன் வியாபாரம் செய்துகொண்டிருந்த பழைய டீசல் வேன் விலைக்கு வந்தது. இரண்டு குடும்பமும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அதற்கப்புறம் சகலை ஸ்பேனரைக் கையில் எடுத்தார். மடக்குக் கட்டில் செய்தார், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார், அடுப்பு ஆடாமல் நிற்க ஒரு கம்பி வளைத்தார், தண்ணீர் கேனுக்குக் குழாய் வைத்தார். வருகிறவர்கள் எல்லாரும் கட்டிலை இழுத்துப் பார்த்துவிட்டு "அடேயப்பா" என்றார்கள். யோசனையை இழுத்துப் பார்க்க முடியாதே. அதனால் என்னைப் பார்த்து ஒருவரும் "அடேயப்பா" சொல்லவில்லை.

ஏற்பாடு இதுதான். ஒரு மாதம் வேன் அவரிடம், ஒரு மாதம் என்னிடம். மாதத்தின் முதல் ஞாயிறு கை மாறும். அவர் குவார்ட்டர்ஸில் மைதானம் மாதிரி இடம். எங்கள் ஃப்ளாட்டின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வேனின் கூரை பீமில் இடித்தது. அசோசியேஷன் இரண்டு கூட்டம் போட்டு விவாதித்து, கேட்டிலிருந்து ஜெனரேட்டர் அறைக்கு ஏறும் சாய்தளத்தில் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் துணி காயப்போடக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இனி பிரச்சினைக்கு வருகிறேன். சகலை ஓட்டினால் வேன் வெண்ணெய். முதல் கியரிலிருந்து இரண்டாவதற்கு லீவரை இரண்டு விரலால் தள்ளுவார், அது போய் உட்காரும். நான் தள்ளினால் கர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும். தெருநாய்கள் எழுந்து நின்று பார்க்கும். பூண்டி ஏரிக்கு எல்லாருமாகப் போனபோது போக அவர் ஓட்டினார், வர நான் ஓட்டினேன். முன் சீட்டில் என் பக்கத்தில் மாமியார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கர்ர்ர். திருவள்ளூர் தாண்டியதும் அவர் சொன்னார்:

"மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. சின்ன மாப்ள ஓட்டினா எனக்குத் தூக்கம் வருது. நீங்க ஓட்டினா சாமி ஞாபகம் வருது."

பின்னால் என் மனைவி சிரித்தாள். என் ஜோக்குகளுக்கு அவள் சிரித்துப் பல வருஷம் ஆகிறது. சகலையின் கியருக்கு ஆதரவாகச் சிரிக்கிறாள்!

மறுநாள் அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் வேன் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"இன்னா அண்ணாத்தே, ரெண்டாவது கியர்ல சவுண்டா? கியர்பாக்ஸ்ல ஆயில் கீதா பாத்தியா?"

"இல்லை."

"எப்பத்திலேருந்து பாக்கல?"

"வாங்கினதிலிருந்து."

அந்தப் பக்கம் எதையோ கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மரியாதை நிமித்தமாக வைத்த மாதிரி இருந்தது. "சரி, கேட்டுக்கோ. வண்டிக்குக் கீய பூந்து பாரு. கியர்பாக்ஸ் சைடுல ஒரு போல்ட்டு கீது, அடில ஒரு போல்ட்டு கீது. அடில கீறத தொடாத, மொத்தமும் ஊத்திக்கும். சைடு போல்ட்ட கயட்டிட்டு வெரல உள்ள வுடு. வெரல்ல ஆயில் பட்டா ஓகே. படலன்னா கம்மி. தொண்ணூறு நம்பர் ஆயில் வாங்கியாந்து, ஓட்டை வயியா வயியுற வரைக்கும் ஊத்து. அவ்ளோதான், புள்ள கூட செய்யும்."

அடுத்த முறை வேன் என்னிடம் வந்ததும், யாருடைய காதுகுத்து விழாவிலோ மிஞ்சிய ஃப்ளெக்ஸ் பேனரை விரித்து, காதுகுத்தப்பட்ட குழந்தையின் முகத்தின் மேல் முதுகை வைத்து, வேனுக்கு அடியில் நுழைந்தேன். நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் வேன் என் மேல் உட்காரப்போகிறது என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். ஹாண்ட் பிரேக் போட்டிருந்தேன், நான்கு சக்கரத்துக்கும் கல் வைத்திருந்தேன். கல்லுக்குக் கல்லும் வைத்திருந்தேன். இருந்தாலும் மூச்சை மெதுவாக விட்டேன், வேனுக்குத் தெரியக் கூடாது என்று.

போல்ட் கழன்றது. விரலை விட்டேன். உள்ளே ஒரு பல் தட்டுப்பட்டது. இரும்புப் பல்தான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பல். அவசரமாக இழுத்தேன், விரல் கணு ஓட்டையில் மாட்டிக்கொண்டது. அப்போது என் மனைவியின் கால்கள் வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்றன.

"ஏங்க, என்ன ஆச்சு? ஏன் கத்தறீங்க?"

"வெரல் கியர்ல மாட்டிக்கிச்சு."

"வண்டி ஓடலையே?"

"ஓடுச்சுன்னா?"

"சாவி எங்க?"

"என் பாக்கெட்ல."

கால்கள் திரும்பி நடந்தன. கொஞ்சம் தளர்ந்ததும் விரல் தானாக வெளியே வந்தது. விரலைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. நாற்றம் மட்டும் ஒட்டியிருந்தது. படுத்தபடியே மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"கம்மியாத்தான் இருக்கு. எங்க போயிருக்கும்?"

"ஒயுகணும். தரைல கறை கீதா?"

"ஒரு சொட்டு இல்லை."

"அப்ப எவனாச்சும் எடுத்துக்கினு பூட்டான்" என்று சொல்லிவிட்டு அவர் பலமாகச் சிரித்தார். "தமாசு அண்ணாத்தே. இன்னொன்னு சொல்ல மறந்துட்டேன், வண்டிய..."

நான் போனை வைத்துவிட்டேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

யோசித்துப் பார்த்தேன். என்னிடம் வருவதற்கு முன் வேன் யாரிடம் இருந்தது? வேனுக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு புகக்கூடியவர் யார்? கியர் என் கையில் கத்தினால் யாருக்குப் பெயர் வரும்? எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில், அந்தப் பதில் ஆவடியில் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ் மாற்றிக்கொண்டிருந்தது. என்னிடம் தருவதற்கு முன் ஆயிலை இறக்கிவிட்டுத் தருகிறார். தன் மாதம் வந்ததும் ஊற்றிக்கொள்கிறார். எவ்வளவு சுத்தமான சதி! எனக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை. இப்படி ஒன்று எனக்குத் தோன்றவில்லையே என்ற பொறாமைதான் முதலில் வந்தது.

சாஸ் பாட்டிலில் ஆயிலை நிரப்பி, நசுக்கி நசுக்கி ஊற்றினேன். கியர்பாக்ஸ் முக்கால் லிட்டர் குடித்த பிறகு ஓட்டை வழியாக வழிந்து என் முழங்கை வரை வந்தது. மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். அதே கர்ர்ர். ஆயில் ஊற்றியும் ஏன் கத்துகிறது என்று நியாயமான மனிதன் யோசிப்பான். நான் யோசிக்கவில்லை. ஆள் அகப்பட்ட பிறகு குற்றத்தைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

வேன் அவரிடம் போய், ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பேனர், கல், கல்லுக்குக் கல், விரல். விரல் காய்ந்திருந்தது. திரும்பவும் அளந்து ஊற்றினேன். சொல்லிவைத்த மாதிரி முக்கால் லிட்டர். திருடனுக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த முறை நான் ஒரு வேலை செய்தேன். மனைவி கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடும் மெரூன் நெயில் பாலிஷை எடுத்துக்கொண்டு போய், போல்ட்டை இறுக்கியபின் போல்ட்டின் தலையிலிருந்து கியர்பாக்ஸ் உடம்பு வரைக்கும் ஒரு கோடு இழுத்தேன். போல்ட்டை யாராவது திருகினால் கோடு உடையும். ஃப்ளெக்ஸ் பேனரின் மேல் படுத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன்.

அடுத்த முறை வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். மெரூன் கோடு இரண்டாக உடைந்து, பாதி போல்ட்டிலும் பாதி பாக்ஸிலும் வேறு வேறு திசையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில், நூல் பிடித்த மாதிரி நேராக, மஞ்சள் பெயின்டில் ஒரு புதுக் கோடு.

இது திருட்டு மட்டும் இல்லை, பதில். 'பார்த்தேன்டா, உன் கோட்டையும் பார்த்தேன், என் கோட்டையும் நீ பார்' என்று எழுதாமல் எழுதியிருக்கிறார். அதுவும் என் கோட்டைவிட அழகான கோடு. என் கோடு மண்புழு மாதிரி நெளிந்திருந்தது. கோடு இழுப்பதில்கூட இந்த மனிதர் என்னை நிம்மதியாக விடவில்லை.

அதற்கடுத்த முறையும் இதுவே நடந்தது. மெரூன், மஞ்சள், முக்கால் லிட்டர். அப்போதுதான் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் இருந்த படங்களை வரிசையாகக் காட்டினேன். அவள் முதல் படத்தைப் பார்த்ததும் கேட்டது, "என் நெயில் பாலிஷா அது?"

"அதை விடு. உன் தங்கச்சி புருஷன் என்ன பண்றார்னு பார்."

"அவர் எதுக்குங்க ஆயில் எடுக்கணும்?"

"நான் ஓட்டறப்ப கியர் இடிக்கணும்னு."

"நீங்க ஆயில் ஊத்தினப்புறமும் இடிக்குதே?"

பெண்களுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். கியருக்குள் விரலை விட்டுக் கத்தியது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

பள்ளிக்கூட லீவில் எல்லாருமாக வேனில் ஏலகிரி போவதாக மாமியார் ஊருக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அதற்குள் இதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும், வேன் கூட்டையே பிரித்துவிட வேண்டும் என்றேன். மனைவி போனை என்னிடம் திருப்பித் தந்தாள்.

"எனக்கு இருக்கறது ஒரே தங்கச்சி" என்றாள். "ஆயில் திருடன்னு அவ புருஷன மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் அவ ஊட்டு வாசல நான் மிதிக்க முடியாது. அதனால ஒண்ணு செய்வோம். கண்ணால பாப்போம். எடுத்தார்னா நானே கேக்கறேன், வேன் நம்மகிட்டயே நிக்கட்டும். எடுக்கலைன்னா நம்ம பாதியையும் அவங்களுக்கே குடுத்துடணும். நீங்க ஏலகிரிக்குப் பின்னாடி உக்காந்து வரணும். வாயத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் ஏலகிரி! என்னை அவளுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். ஜெயிப்பது உறுதி என்று இருந்தது.

முதல் ஞாயிறு சகலை வந்து வேனை எடுத்துக்கொண்டு போனார். கீழே நின்று டாட்டா காட்டினேன். அவர் திருப்பத்தில் மறைந்ததும் இரண்டு பேரும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினோம். சேக்காடு வழியாகச் சுற்றி, குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தின் பின்னால் நின்றோம். அடையாளம் தெரியக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. காலை பதினோரு மணி வெயில். உள்ளே தலை வெந்துகொண்டிருந்தது.

சகலை லுங்கியோடு வெளியே வந்தார். வேனை வீட்டு முன்னால் சிமென்ட் தரையில் நகர்த்தி நிறுத்தினார். ஒரு பிளாஸ்டிக் பேசினை உள்ளே தள்ளிவிட்டு, சர்ரென்று அடியில் போனார். கல் இல்லை, பேனர் இல்லை. நான் மனைவியின் கையைப் பிடித்தேன். ஸ்பேனர் சத்தம். அப்புறம் தங்க நிறத்தில், மெதுவாக, பேசினுக்குள் ஆயில் வழிந்தது.

"பார்த்தியா? பார்த்தியா?" என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடி வழியாகவே தெரிந்தது, அவளுக்கு அழுகை வரப்போகிறது. ஏழு மாதம் காத்திருந்த நிமிடம் அது. எனக்கு ஏனோ இனிக்கவில்லை.

அந்த நேரம் மாடி பால்கனியிலிருந்து மச்சினியின் குரல் வந்தது.

"அக்கா! மாமா! ஹெல்மெட் போட்டுக்கிட்டு மரத்துக்குப் பின்னாடி என்ன பண்றீங்க?"

மறைந்து நிற்பது இனி சாத்தியமில்லை. நடந்து போனேன். சகலை வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். முகத்தில் ஒரு சின்னக் கலக்கம்கூட இல்லை. நான் பேசினைக் காட்டினேன்.

"சகலை, இது என்ன?"

"உங்க ஆயில்தாண்ணே."

இப்படி ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை. வைத்திருந்த வசனம் எல்லாம் மறந்துவிட்டது. "ஏன் எடுக்கறீங்க?" என்று மட்டும் வந்தது.

"அதிகமா இருக்கே. ஒரு வாட்டி கியர்பாக்ஸ் பின்பக்க ஆயில் சீல்ல ஈரமா இருந்துச்சு. என்னடான்னு சைடு போல்ட்டக் கழட்டினா கொட்டுது. லெவலுக்கு வர்ற வரைக்கும் விட்டேன். அடுத்த வாட்டியும் அப்படியே. நானே கேக்கணும்னு இருந்தேன். ஒவ்வொரு வாட்டியும் ஏண்ணே இவ்ளோ ஊத்தறீங்க?"

மச்சினி கீழே வந்துவிட்டாள். "நான்தான் மாமா கேக்க வேணாம்னேன். அன்னிக்கு டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு இவர் சொன்னதுக்கே நீங்க மூணு நாள் தூங்கலையாம். கியர்பாக்ஸுன்னு சொன்னா என்ன ஆவீங்களோன்னு பயம். நீங்க ஊத்தறீங்க, இவர் எடுக்கறார், யாருக்கு என்ன நஷ்டம்?"

மாடிப்படிக்கு அடியில் இருந்த ஷெல்ஃபைக் காட்டினாள். சுத்தமாகத் துடைத்த பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி 'அண்ணன் ஊற்றியது' என்று எழுதி, மாதமும் போட்டிருந்தது. எனக்குத் திருப்பித் தரவாம்.

"அப்ப அந்த மஞ்சள் கோடு?" என்றேன், கடைசி ஆயுதமாக.

சகலையின் முகம் மலர்ந்தது. "அத நானே சொல்லணும்னு நெனச்சேன். எங்க ஃபேக்டரில போல்ட்ட இறுக்கி முடிச்சா இப்படித்தாண்ணே கோடு போடுவோம். கோடு நேரா இருந்தா போல்ட் அசையலன்னு அர்த்தம். உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா? நான் திறந்தா திரும்ப மார்க் போடணும் இல்ல, மெரூன் கிடைக்கல, அதான் மஞ்சள். இவகிட்ட அன்னிக்கே சொன்னேன், அண்ணன் நல்லா வேல கத்துக்கிட்டார்னு."

என் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிமென்ட் தரையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அழ இருந்தவள் சிரிக்கிறாள், தங்கை அவள் தோளில் சாய்ந்து சிரிக்கிறாள். நான் தோற்றுக்கொண்டிருந்த நேரத்திலும், ஒரு ஜோக்கும் சொல்லாமல் இவளை இப்படிச் சிரிக்கவைத்துவிட்டாரே என்றுதான் எனக்கு வயிறு எரிந்தது.

"ஆனா எனக்கு விரல்ல ஆயில் படவே இல்லையே" என்றேன். "ஒவ்வொரு வாட்டியும் காஞ்சுதான் இருந்துச்சு."

"எங்க நிறுத்திப் பாத்தீங்க?"

"எங்க ஃப்ளாட்ல. வழக்கமா நிக்கற இடத்துல."

"அந்தச் சாய்தளத்துலயா?"

மச்சினி காபி கொண்டுவந்திருந்தாள். சகலை என் டம்ளரை வாங்கிச் சற்றுச் சாய்த்தார். காபி ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டது, மறு பக்கம் பாதிக்குக் கீழே இறங்கியது. இறங்கிய பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். வேனின் மூக்கு மேல் நோக்கி நின்றால் ஆயில் பின்னால் போய்விடும், போல்ட் இருப்பது முன்னால். மெக்கானிக் சொல்ல மறந்த அந்த இன்னொன்று 'வண்டிய சமமா நிறுத்து' என்பதுதான். நான் கேட்டிருந்தால் ஏழு மாதம் மிச்சம்.

திறந்தது திறந்தாயிற்று, இத்தனை கலவையோடு எதற்கு, மொத்த ஆயிலையும் மாற்றிவிடலாம் என்றார் சகலை. வேனை முதலில் ஒரு சுற்று ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு வந்தார், சூட்டில் ஆயில் வேகமாக இறங்குமாம். பக்கவாட்டுப் போல்ட்டை முதலில் கழற்றினார். அது கழலும் என்று உறுதியான பிறகுதான் அடிப் போல்ட்டைத் தொட்டார், காலி செய்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றால் வேன் அங்கேயே நின்றுவிடும் என்றார். அடிப் போல்ட்டின் நுனியில், இரும்புத் தூளைப் பிடித்துவைக்க, ஒரு காந்தம் இருந்தது. அதில் வெள்ளிக் குழம்பு மாதிரி ஒன்று அப்பியிருந்தது.

"போச்சா? பல் உடைஞ்சு போச்சா?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். "துண்டு எதுவும் இல்ல. மாவுதான். ஆனா மாவு கொஞ்சம் ஜாஸ்தி. கியர் எங்கயோ இடிக்குது. எனக்கு இடிக்கலையே..."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்த மனிதரைப் பார்த்தும் பொறாமைப்படலாம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

புது ஆயில் ஊற்றினோம். சமதரையில், பக்கவாட்டு ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொடும் வரை. என் விரலை விட்டுப் பார்க்கச் சொன்னார். விட்டேன். நனைந்தது. கத்தவில்லை. அப்புறம் அவர் "ஒரு ரவுண்டு நீங்க ஓட்டுங்கண்ணே, நான் பக்கத்துல உக்காரறேன்" என்றார். இத்தனை நாளில் நான் ஓட்டும்போது அவர் முன் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. அந்த இடம் எப்போதும் மாமியாருடையது. மாமியார் பார்ப்பது சாலையை, என் காலை அல்ல.

குவார்ட்டர்ஸ் சாலையில் முதல் கியர். இரண்டாவது. கர்ர்ர். புது ஆயில், சரியான அளவு, அதே கர்ர்ர்.

சகலை என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணே, கிளட்ச் பாதிதான் போகுது. முழுசா அமுக்குங்க."

"அமுக்கிட்டேன்."

"இன்னும் நாலு விரக்கட இருக்கு."

"எட்டலை" என்றேன்.

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வேன் வாங்கிய வாரமே கிளட்ச் முழுதாக எட்டாதது எனக்குத் தெரியும். நுனிக்காலால் எக்கி எக்கி மிதித்துக்கொண்டிருந்தேன். சீட்டை முன்னால் தள்ள வேண்டும் என்றால் துருப்பிடித்த ரெயிலைக் கழற்ற அவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் அவர் காலைவிட என் கால் குட்டை என்று சொல்ல வேண்டும். கல்யாண ஆல்பத்தில் அவர் பக்கத்தில் நிற்கும் படத்தில் எல்லாம் நான் ஒரு படி மேலே ஏறி நிற்கிறவன். எக்கி மிதிப்பது சுலபமாக இருந்தது.

வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் அவர் இறங்கிப் போய் ஸ்பேனரும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்தார். ரெயில் தாராளமாக நகரும்படி துருவைப் போக்கி, சீட்டை மூன்று ஓட்டை முன்னால் தள்ளி மாட்டினார். மனைவியிடம் நான் பந்தயத்தை நினைவூட்டினேன், ஆயிலை அவர் எடுத்தது உண்மைதானே, கண்ணாலும் பார்த்தோமே என்று. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பந்தயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். வேன் முன்பு போலவே மாதம் மாறி மாறி இருக்கட்டும், ஆயில் அளவை மட்டும் இனிமேல் இந்தச் சிமென்ட் தரையில் பார்ப்பது என்று அக்காவும் தங்கையும் பேசி முடித்தார்கள். எங்கள் இருவரையும் கேட்கவில்லை.

ஏலகிரியில் ஏற்றம் முழுக்க அவர் ஓட்டினார், சீட்டைத் திரும்பப் பின்னால் தள்ளிக்கொண்டு. இறக்கம் முழுக்க நான் ஓட்டினேன், முன்னால் தள்ளிக்கொண்டு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கிளட்சைத் தரை வரைக்கும் மிதித்தேன். இரண்டாவது கியர் ஒரு முறைகூடச் சத்தம் போடவில்லை. ஆயில் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.